வீடெங்கும் இசை: வேகத்தினும் நிலையான இணைப்பே முதன்மை

கூடத்தில் ஒலிக்கும் பாடல் சமையலறையிலும் படுக்கையறையிலும் அதே நொடியில் ஒலிக்க வேண்டும் என விரும்பி, வைஃபை ஒலிபெருக்கிகளை வாங்குகிறோம். சில நாள்களில் ஓர் அறையில் பாட்டு அறுபடுகிறது. இன்னோர் அறையின் ஒலிபெருக்கி செயலியிலிருந்தே மறைகிறது. உடனே கூடுதல் கட்டணம் செலுத்தி இணையத் திட்டத்தை உயர்த்துகிறோம். பல வீடுகளில் அச்செலவு பயன் தருவதில்லை. குறை வீட்டிற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

குறுந்தகட்டுத் தரத்திலான இசைக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். நான்கு அறைகளில் நான்கு வெவ்வேறு பாடல்கள் ஒலித்தாலும் 6 மெகாபிட்டைத் தாண்டாது. ஆகவே 50 மெகாபிட் திட்டமே இசைக்குத் தாராளம். ஆனால், ஒரே பாடலைச் சேர்ந்து ஒலிக்கும் கருவிகள் தமக்குள் நேரத்தை ஓயாமல் ஒத்திசைத்துக்கொள்ள வேண்டும். அவற்றிற்கிடையே செல்லும் தரவு சிறிது தடைபட்டாலும் பாட்டு அறுபடும்.

குறையைக் கண்டறிதல்

ரவுட்டரின் அருகில் நின்று கைப்பேசியில் இணைய வேகத்தை அளப்போம்; பின்னர்ப் பாட்டு அறுபடும் அறையிலும் அளப்போம். முன்னது நன்றாகவும் பின்னது மிகக் குறைவாகவும் இருந்தால், திட்டத்தை உயர்த்துவதால் பயனில்லை.

சீர்செய்யும் வழிகள்

1. இடம்: பரணிலோ தொலைக்காட்சி அலமாரிக்குள்ளோ ரவுட்டரை வைத்தல் தவறு. வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து சற்று உயரத்தில், திறந்த இடத்தில் வைப்போம். கான்கிரீட் சுவர்களும் இரும்பு அலமாரிகளும் அலைகளைத் தடுக்கும்.

2. அலைவரிசை: 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, ஆனால் சுவர்களைக் கடந்து நெடுந்தொலைவு செல்லாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு செல்லும். எனினும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டு இணைப்புகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதில் குறுக்கிடும். அதில் 1, 6, 11 ஆகிய சேனல்களுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்வோம்.

3. கம்பி இணைப்பு: இடம்பெயராத ஒலிபெருக்கியில் வசதி இருப்பின் லேன் கேபிளே சிறந்தது. இயலாத வீடுகளில் மெஷ் கருவிகள் உதவும். இரண்டாவது கருவியைச் சிக்னல் கிடைக்காத அறைக்குள் வைக்கலாகாது. ரவுட்டருக்கும் அவ்வறைக்கும் இடைவழியில் வைக்க வேண்டும்.

4. ஒரே வலையமைப்பு: இணைய நிறுவனம் தந்த ரவுட்டரோடு நாம் வாங்கிய ரவுட்டரும் தனித்தனியே முகவரி வழங்கினால், கைப்பேசியும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று காணா. இரண்டாவதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் இச்சிக்கல் தீரும்.

5. மின்தடை: ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யுபிஎஸ் பொருத்தினால், மின்சாரம் போய்வரும்போதெல்லாம் இணைப்பு அறுபடாது.

பாதுகாப்பும் மறவோம்

இசை வரும் இதே வலையமைப்பின் வழியாகத்தான் நாம் வங்கிப் பரிவர்த்தனையும் செய்கிறோம். ஆதலால் ரவுட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவோம். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தேர்வோம். ரவுட்டர், ஒலிபெருக்கி இரண்டின் மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிப்போம். வீட்டிற்கு வருவோர்க்கு விருந்தினர் இணைப்பைத் தனியே அளிப்போம். நம் ஒலிபெருக்கிகளையும் அவற்றை இயக்கும் கைப்பேசியையும் ஒரே இணைப்பில் வைத்திருப்போம்.

கட்டணத்தை உயர்த்துமுன் ரவுட்டரைப் பரணிலிருந்து இறக்கிப் பார்ப்போம். செலவில்லாத அந்த மாற்றமே போதுமானதாக அமையலாம்.