திருவள்ளூர் லேன்சர்: பேர் வாங்கின காரும் விலை போகாத காரும்

கிரான் டூரிஸ்மோ ஆடினவங்க கையைத் தூக்குங்க. அதுல மிட்சுபிஷி லேன்சர் ஈவோ எடுக்காதவங்க இப்போ கையை இறக்கிடுங்க. எத்தனை பேர் இறக்கியிருப்பீங்க? ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். 'டூ ஃபாஸ்ட் டூ ஃப்யூரியஸ்' படத்துல பால் வாக்கர் ஓட்டினது, ஹாஸ்டல் சுவத்துல போஸ்டரா ஒட்டியிருக்கிறது, எல்லாம் அந்த வண்டிதான்.

ஆனா லேன்சர்னு பேர் போட்ட கார் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலேயே தயாரானதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே மூணாவது வருஷம் வரைக்கும் தெரியாது. கும்மிடிப்பூண்டியில இருந்து லோக்கல் ட்ரெயின் ஏறி, பேசின் பிரிட்ஜ்ல மாறி, அரக்கோணம் லைன் பிடிச்சா திருவள்ளூர். அங்கே கடம்பத்தூர் ரோட்டுல அதிகத்தூர்னு ஒரு ஊர். அம்பாசடர் செஞ்ச அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானோட மிட்சுபிஷிகிட்ட தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டு, 1998-ல் அங்கேதான் லேன்சரை இறக்கினாங்க. உலகமே கொண்டாடின பேர், நம்ம ஊர்ல தயாரிப்பு. அப்புறமும் ஏன் அந்தப் பேர் இந்தியாவுல கரைஞ்சு போச்சு? இந்தக் கட்டுரையில பார்க்கப் போறது அதைத்தான். மெக்கானிக்கல், புரொடக்ஷன், ஆட்டோமொபைல் பசங்க கொஞ்சம் கவனிச்சுப் படிங்க. இன்டர்வியூவுக்கும் உதவும்.

முதல்ல அந்தப் பேர் எங்கிருந்து வந்தது? ராலியில இருந்து. உலக ராலி சாம்பியன்ஷிப்ல ஃபின்லாந்து ஓட்டுநர் டாமி மேக்கினன் 1996, 97, 98, 99-னு வரிசையா நாலு வருஷம் பட்டம் அடிச்சார். நாலும் லேன்சர் ஈவோவுல. 1998-ல் தயாரிப்பாளர் பட்டமும் மிட்சுபிஷிக்கே. அதாவது, திருவள்ளூர்ல லேன்சர் லைன் ஓட ஆரம்பிச்ச அதே வருஷம்தான் அந்தப் பேரோட உச்சம்.

இன்னொரு விஷயம். நம்ம ஊர் லேன்சரோட உருவம் ஜப்பான்ல 1995-ல் வந்த மாடல். ஈவோ 4, 5, 6 மூணுக்கும் அடிப்படை அதே பாடிதான். ரோட்டுல ஒரு பழைய லேன்சரைப் பார்த்தீங்கன்னா, 1997 முதல் 99 வரைக்கும் மேக்கினன் ஜெயிச்ச வண்டியோட கூடப்பிறந்ததைப் பார்க்கிறீங்க. முகஜாடை அப்படியே இருக்கும். ஆனா பானெட்டைத் தூக்கினா வேற கதை. ஈவோ 6-ல் 2 லிட்டர் டர்போ, நாலு சக்கரத்துக்கும் பவர், பேப்பர்ல 280 குதிரைசக்தி. நம்ம 1.5 லிட்டர் பெட்ரோல்ல 87, முன் சக்கரத்துக்கு மட்டும். 2 லிட்டர் டீசல்ல அதை விடவும் கம்மி. வண்டி மோசம்னு சொல்லல. பின்னாடி மல்டி-லிங்க் சஸ்பென்ஷன் போட்டிருந்தாங்க, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். வளைவுல அது நிக்கிற அழகை ஓட்டினவங்க இப்பவும் சிலாகிக்கிறாங்க. ஆனா வாங்கினவங்க காசு கொடுத்தது ஈவோவோட பேருக்கு, வீட்டுக்கு வந்தது அதோட சாதுவான தம்பி.

ஈவோங்கிற வண்டியே ஏன் பிறந்ததுன்னு கேட்டா, விதிமுறைக்காக. 'குரூப் ஏ' ராலி விதிப்படி, போட்டிக்குக் கொண்டு வர்ற காரோட ரோடு மாடலை 2,500 வண்டியாவது செஞ்சு காட்டணும். ஹோமொலொகேஷன்னு இதுக்குப் பேர். 1992-ல் முதல் ஈவோ வந்ததே அதனாலதான். ஆக, உலகத்தை ஜெயிக்க 2,500 வண்டி போதும். இந்த எண்ணை ஒரு ஓரமா வெச்சுக்கோங்க.

இப்போ ஃபேக்டரிக்குள்ள வருவோம்.

என் தாய்மாமா கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்ல டூல் ரூம் ஆளா இருந்தவர். ஷீட் மெட்டலை அழுத்தி பிராக்கெட், கிளாம்ப்னு அடிச்சுக் கொடுக்கிற இடம். ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போனார். நான் ஓடிட்டிருந்த மெஷினையே வாயைப் பிளந்து பார்த்துட்டு நின்னேன். அவர் என்னைப் பின்னாடி ரேக் பக்கம் இழுத்துட்டுப் போய், கிரீஸ் காய்ஞ்சு துரு ஏறிப் போன டை செட்டுங்களைக் காட்டினார். ஒவ்வொண்ணு மேலயும் பெயின்ட்ல ஒரு மாடல் பேர். "மாப்ள, ஷோரூம்ல நிக்கிற வண்டிய பாக்காத. இந்த ரேக்கைப் பாரு. எந்தக் கம்பெனி படுத்துச்சுன்னு பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி இங்க தெரிஞ்சிரும்"னார். அன்னைக்குப் புரியல. புரொடக்ஷன் எக்கனாமிக்ஸ் படிச்சப்போ புரிஞ்சது.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் என் கற்பனை, லாஜிக் நிஜம். ஒரு கதவு பேனல் அடிக்க டை செட்டுக்கு 2 கோடி ரூபாய்னு வெச்சுக்கோங்க. அந்த மாடல் மொத்தம் 2 லட்சம் வண்டி வித்தா, ஒரு வண்டி தலையில விழற டை செலவு 100 ரூபாய். வெறும் 10,000 வண்டி வித்தா? 2,000 ரூபாய். இது ஒரே ஒரு பேனலுக்கு. ஒரு காருக்கு இந்த மாதிரி பிரஸ் பாகங்களே நூத்துக்கணக்குல இருக்கு. அப்புறம் பிளாஸ்டிக் மோல்டு, காஸ்டிங் டை, ஜிக், ஃபிக்சர், டெஸ்டிங் எல்லாம் தனி.

எண்ணிக்கை கம்மின்னா சப்ளையர் டையில காசு போட மாட்டார். டை இல்லேன்னா பாகம் ஜப்பான்ல இருந்து பெட்டியில வரணும். இதைத்தான் சிகேடி கிட்னு சொல்றோம். பிரிச்ச நிலையில கொண்டு வந்து இங்கே பூட்டுறது. கிட்டுக்கு யென்ல காசு, மேலே சுங்க வரி. விலை ஏறும். விலை ஏறினா எண்ணிக்கை இன்னும் குறையும். திரும்ப முதல் வரிக்குப் போங்க. சுத்திச் சுத்தி அதே இடம்.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். 1997 டிசம்பர்ல ஒரு விதி போட்டாங்க. கிட் இறக்குமதி பண்ற கார் கம்பெனிங்க மூணு வருஷத்துக்குள்ள 50 சதவீதம், அஞ்சு வருஷத்துக்குள்ள 70 சதவீதம் பாகங்களை உள்நாட்டுல வாங்கணும்னு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டு ஜெயிச்சாங்க. 2001-லயே இந்தியா அந்த விதியை வாபஸ் வாங்கிடுச்சு. ஆனா ஒண்ணு, விதி இல்லாமலே ஹுண்டாய் இருங்காட்டுக்கோட்டையில என்ன பண்ணாங்கன்னு பாருங்க. அதே 1998-ல் சான்ட்ரோ. ராலி கப் கிடையாது, போஸ்டர் கிடையாது. ஆனா சப்ளையர்களையும் கொரியாவுல இருந்து கூடவே கூட்டிட்டு வந்து, முதல் நாள்ல இருந்தே பெரிய எண்ணிக்கைக்குக் கணக்கு போட்டாங்க. சான்ட்ரோவுக்கு யாரும் ரசிகர் மன்றம் வெக்கல. ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பெல்ட் முழுக்க இன்னைக்கு வேலை இருக்குன்னா அதுக்கு அந்த உயரமான குட்டிக் காரும் ஒரு காரணம்.

லேன்சருக்கு யென் கொடுத்த அடியும் சின்னது இல்ல. 1998-ல் 100 யென்னுக்கு 30 ரூபாய் சொச்சம். 2012-ல் அதுவே 60-ஐத் தாண்டிடுச்சு. டிசைன்ல ஒரு போல்ட்டைக்கூட மாத்தாம, பெட்டிக்குள்ள இருக்கிற பாகத்தோட விலை இரட்டிப்பு!

அங்கே ஜப்பான்ல தாய் வீடே தீப்பிடிச்சிட்டிருந்தது. வாடிக்கையாளர் புகார்களை இருபது வருஷத்துக்கும் மேல அரசாங்கத்துக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருந்ததை 2000-ல் மிட்சுபிஷி ஒத்துக்கிட்டாங்க. அதே வருஷம் பங்கு வாங்கி உள்ளே வந்த டைம்லர்கிறைஸ்லர், 2004-ல் இனிமே காசு போட மாட்டோம்னு சொல்லிடுச்சு. 2005 சீசனோட உலக ராலியில இருந்தே மிட்சுபிஷி விலகிட்டாங்க. புது மாடலுக்குக் காசு தேடுற கம்பெனி, வருஷத்துக்குச் சில ஆயிரம் வண்டி விக்கிற இந்தியாவுக்கா முதல்ல செலவு பண்ணும்?

அதனால இங்கே என்ன நடந்ததுன்னா, ஒண்ணுமே நடக்கல. போட்டியாளருங்க வரிசையா வந்தாங்க. ஹோண்டா சிட்டி 2003-ல் முழுசா மாறி வந்தது. லேன்சர் அதே 1995 உருவத்துல நின்னது. ஜப்பான்ல 2000-ல் வந்த சீடியா, திருவள்ளூருக்கு வந்து சேர்ந்தது 2006-ல். என் கருத்துல சீடியா அருமையான வண்டி. 2 லிட்டர், 115 குதிரைசக்தி, ராலிக்குன்னே செஞ்ச மாதிரி சேஸி. எம்.ஆர்.எஃப் அணி அதை எடுத்துட்டுப் போய் இந்திய தேசிய ராலியில கலக்கினாங்க. கடைசியில நிஜமான ஈவோவும் 2010-ல் இந்தியாவுக்கு வந்தது, முழு வண்டியா கப்பல்ல, அரைக் கோடியை ஒட்டின விலைக்கு. போஸ்டர் ஒட்டின பசங்க எவனும் வாங்கியிருக்க மாட்டான்.

இது ஜப்பானுக்கோ நமக்கோ மட்டும் நடந்ததும் இல்ல. அமெரிக்காவோட போன்டியாக்கைப் பாருங்க. 1964-ல் ஜான் டிலோரியன் குழு, ஜெனரல் மோட்டார்ஸோட சொந்த விதியையே சுத்தி வந்து, நடுத்தர சைஸ் டெம்பெஸ்ட் காருக்குள்ள 6.4 லிட்டர் வி8 இன்ஜினைத் திணிச்சு ஜி.டி.ஓ.ன்னு ஒரு ஆப்ஷன் பேக்கேஜா விட்டாங்க. ஐயாயிரம் போனா போதும்னு நினைச்சது, முதல் வருஷமே 32,450 போச்சு. ஏன்னா போஸ்டர்ல இருந்த வண்டியும் ஷோரூம்ல இருந்த வண்டியும் ஒண்ணே, ஒரு சாதாரண இளைஞன் கடன் வாங்கியாவது வாங்கிடலாம். அதே போன்டியாக் கடைசிக் காலத்துல, நம்ம ஊர்லயும் ஓடிச்சே ஷெவர்லே ஏவியோ, அதுல தன்னோட பேட்ஜை ஒட்டி ஜி3-ன்னு வித்தது. 2009-ல் மூடப் போறதா அறிவிச்சு, 2010-ல் மூடிட்டாங்க. பேரைச் சம்பாதிச்ச வண்டியும் பேரை வெச்சு விக்கிற வண்டியும் விலகிட்டே போனா, ரெண்டு நாட்டுலயும் முடிவு ஒரே மாதிரி இருந்திருக்கு. ஈவோவும் தன்னோட பத்தாவது தலைமுறையோட நின்னு போச்சு. 2016-ல் மைலேஜ் கணக்குல பண்ண மோசடி வெளிய வந்து, நிஸான் 34 சதவீதப் பங்கை வாங்கினது.

திருவள்ளூர் பிளான்ட் என்ன ஆச்சு? இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 2012-ல் இருந்து பஜேரோ ஸ்போர்ட் அங்கே பூட்டினாங்க. அப்புறம் இசுசு வாடகைக்கு வந்த மாதிரி வந்து, சொந்த ஃபேக்டரி ரெடி ஆகுற வரைக்கும் தன்னோட வண்டிங்களை அங்கே செஞ்சது. அந்தச் சொந்த ஃபேக்டரி 2016-ல் திறந்தது ஸ்ரீசிட்டியில. நம்ம ஊர்ல இருந்து ஆந்திரா பார்டரைத் தாண்டின உடனே வருமே, நம்ம சீனியர்ஸ் பாதிப் பேர் இன்டர்வியூவுக்குப் போன அதே ஸ்ரீசிட்டி. 2017-ல் பிரான்ஸோட பிஎஸ்ஏ, பிர்லா குழுமத்தோட கைகோத்து திருவள்ளூருக்கு வந்தாங்க. இன்னைக்கு அங்கே லைன்ல ஓடுறது சிட்ரோயன்.

சிட்ரோயன்காரங்க பழைய கணக்கைப் படிச்சிட்டுதான் வந்திருக்காங்க. 2022-ல் சி3 இறக்கினப்போ, 90 சதவீதத்துக்கு மேல உள்நாட்டுப் பாகம்னு சொன்னாங்க. ஓசூர்ல இன்ஜினும் கியர்பாக்ஸும் செய்றாங்க. லேன்சர் பண்ணாததை எல்லாம் பண்ணியாச்சு. ஆனா மாசா மாசம் வர்ற விற்பனைப் பட்டியல்ல அவங்க பேரைக் கீழே இருந்துதான் தேட வேண்டியிருக்கு. அதாவது டை அடிச்சாச்சு, எண்ணிக்கை இன்னும் வரல. ஏற்றுமதி கொஞ்சம் கைகொடுக்குது.

மாமா இப்போ ரிட்டயர்டு. போன தீபாவளிக்கு வந்தப்போ, எனக்கு ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில ஆஃபர் வந்திருக்குன்னு சொன்னேன். எவ்வளவு சம்பளம்னு கேட்பார்னு பார்த்தேன். "அவன் எத்தன வண்டிக்கு டை அடிச்சிருக்கான்? வருஷத்துக்கு எத்தன போகுது? கேட்டியா?"ன்னார்.

கேட்கல. எச்.ஆர்.க்கு மெயில் போட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.