மிகுந்து வரும் மூன்றெழுத்து

நமது மரபுச் செய்தி நான்கு எழுத்துக்களால் ஆயதென்பது நாம் அறிந்ததே. 19ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு ஜீனின் இறுதியில் ஸி-டி-ஜி என்னும் மூன்றெழுத்து, நோயற்றோரிடத்துப் பெரும்பாலும் 5 முதல் 34 முறை அடுக்கி வரும். 50க்கு மேற்படின் மயோடானிக் டிஸ்ட்ரோபி என்னும் தசைநோய் உண்டாகும். இது 1992இல் வெளியாயிற்று.

இவ்வடுக்குப் புரதமாகும் பகுதியிலில்லை. ஆகவே அந்த ஜீனின் புரதம் உருமாறுவதில்லை. கேட்டை விளைப்பது அதன் படியாகிய ஆர்.என்.ஏ.வே. அஃது உயிரணுவின் உட்கருவிலேயே தங்கி, மஸில்பிளைண்ட் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அதனால் ஏனைய ஆர்.என்.ஏ.க்கள் பிழைபடத் தொகுக்கப்படுகின்றன. தசையின் குளோரைடு வாயில்கள் குன்றுகின்றன. இறுகப் பிடித்த கை எளிதில் விரியாது. தலைமுறைதோறும் அடுக்கு நீளுமாகலின், பெற்றோரினும் மக்கட்கு நோய் முந்தியும் கடுமையாகவும் தோன்றுவதுண்டு.

புரதமாகாத பகுதியைப் பயனற்றதென்று தள்ளலாகாதென்பதை இந்நோயினால் உணர்கின்றோம்.