ஒரு பூத் தேன்: வியாபாரி கற்க வேண்டிய பாடம்



திருக்குர்ஆனின் 16-ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரைத் தாங்கியது என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த ஸூரத்துந் நஹ்லின் 68, 69-ஆம் ஆயத்துகள் தேனீயைப் பற்றியும், பல நிறங்களில் வரும் தேனைப் பற்றியும், அதில் மனிதருக்குள்ள நிவாரணத்தைப் பற்றியும் பேசுகின்றன. ஆதலால் நம் சமூகத்தார் தேனை வெறும் இனிப்புப் பண்டமாக எண்ணி வாங்குவதில்லை, நம்பிக்கையோடு வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை நம் கடைக்கு வரும்போது அமானிதமாகி விடுகிறது. அந்த அமானிதத்தை நாமே சரிவரப் பேணாத ஒரு சம்பவத்தை முதலில் சொல்லி, அதன் பிறகு பாடத்திற்கு வருகிறோம்.

சில காலத்திற்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடம் இரண்டு டஜன் புட்டி தேன் கொள்முதல் செய்தோம். புட்டியின் மேல் ‘ஸித்ருத் தேன்’ என்று அழகாக அச்சிட்டிருந்தது. ஸித்ரு என்றால் இலந்தை. விலை மற்றத் தேனைப் போல் நான்கு மடங்கு. கேட்டவர்களுக்கெல்லாம், “இது இலந்தைப்பூத் தேன், அரபு நாட்டுச் சரக்கு” என்று தயங்காமல் சொல்லி விற்றோம். நம் தெருவிலுள்ள வயோதிக அம்மையார் ஒருவர், நோயுற்ற கணவருக்கென்று இரண்டு புட்டிகள் வாங்கிப் போனார். பத்து நாள் கழித்து அவருடைய பேரன் வந்தான்.

“மாமா, இது இலந்தைப்பூத் தேன்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நாம் புட்டியைத் திருப்பி லேபிளைக் காட்டினோம். “அதை நானும் படித்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்கிறேன்” என்றான். பதில் இல்லை. பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டான். நமக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று. அன்று மாலையே மொத்த வியாபாரியிடம் விசாரித்தோம். எந்த ஊர்த் தேன், எப்போது எடுத்தது, சோதனைக் காகிதம் உண்டா என்ற மூன்று கேள்விக்கும், “லேபிளில்தான் போட்டிருக்கிறதே பாய்” என்ற ஒரே பதில் வந்தது. லேபிளை நம்பி அவர் விற்றார். அவரை நம்பி நாம் விற்றோம். நம்மை நம்பி அந்த அம்மையார் வாங்கினார். ஆரம்பத்தில் அறிந்தவர் யார் என்று பார்த்தால் ஒருவருமில்லை.

அதன் பிறகுதான் ‘ஒரு பூத் தேன்’ என்பதைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கினோம்.

தேனீயின் வழக்கம்

தேனீ ஒரு தடவை கூட்டை விட்டுப் புறப்பட்டால், அந்தப் பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடிச் செல்லும். இதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு கூட்டில் இருப்பது ஒரு தேனீ அல்ல, பல்லாயிரம். ஒன்று ஒரு பூவிற்குப் போனால், இன்னொன்று வேறு பூவிற்குப் போகும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் சாதாரணமாகப் பறக்கும் தேனீக்கு எவரும் வேலி போட முடியாது. ஆகவே நூற்றுக்கு நூறு ஒரே பூவின் தேன் என்பது நடைமுறையில் கிடைக்காது. ‘ஒரு பூத் தேன்’ என்றால் முழுவதும், அல்லது பெரும்பகுதி, ஒரே வகைப் பூவிலிருந்து வந்தது என்பதே பொருள்.

அப்படிப்பட்ட தேனைப் பெறுவதற்குத் தேன் வளர்ப்பவர் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, அந்த மரமோ செடியோ கூட்டமாகப் பூக்கும் இடத்திற்குப் பூக்கும் காலத்தில் பெட்டிகளைக் கொண்டு போக வேண்டும். இரண்டாவது, பழைய தேனை எடுத்துவிட்டு வெறும் அடையோடு வைக்க வேண்டும். மூன்றாவது, அந்தப் பூக்காலம் முடிந்தவுடன், வேறு பூவின் தேன் கலப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். இவ்வளவு உழைப்பு இருப்பதால்தான் விலை கூடுகிறது. உழைப்பிற்காகக் கொடுக்கும் விலை நியாயமானது. வெறும் பெயருக்காகக் கொடுக்கும் விலை நியாயமாகாது.

அறிய வேண்டிய சில தேன்கள்

ஸித்ருத் தேனுக்குப் பேர்போன இடம் யமன் நாட்டின் ஹளரமௌத் பகுதி. அதிலும் வாதி தௌஆன் என்னும் பள்ளத்தாக்கு. ஆண்டின் கடைசி மாதங்களில் இலந்தை பூக்கும்போது தேன் வளர்ப்பவர்கள் பெட்டிகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறார்கள். நம் ஊரில் மையித்தைக் குளிப்பாட்டும் நீரில் போடும் இலந்தை இலையும், அந்த மரமும் ஒரே குடும்பம். எனினும் இனம் வேறு. ஆதலால் இலந்தை என்ற பெயர் மட்டும் ஊரைச் சொல்லிவிடாது.

நம் பக்கத்திலேயே ஒரு பூத் தேன் உண்டு. திரங்கானுவின் கடலோர மணற்பாங்கில் வளரும் கெலாம் மரத்துப் பூவின் தேன் அது. காயு பூத்தே எண்ணெய் என்று நாம் தடவிக்கொள்ளும் எண்ணெயும் அந்த மரத்தின் இலையிலிருந்து எடுப்பதுதான். சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசல் இருக்கும் கம்போங் கிளாம், அம்மரத்தின் பெயரால் வந்த இடம்.

இனிப் பெயரால் மயங்கக் கூடியவற்றைப் பார்ப்போம். ‘துவாலாங் தேன்’ என்று கெடாவிலிருந்து வருகிறதே, அது துவாலாங் மரத்துப் பூவின் தேன் என்று நாமும் பல காலம் எண்ணியிருந்தோம். அது தவறு. காட்டில் மிக உயர்ந்து நிற்கும் அம்மரத்தின் கிளைகளில் மலைத்தேனீ தன் அடைகளைத் தொங்கவிடுகிறது. மரம் அதற்கு வீடு; உணவோ காட்டிலுள்ள பல பூக்களிலிருந்து வருகிறது. ஆகவே அது பல பூத் தேன். அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஆனால் ஒரு பூத் தேன் என்று சொல்லி விற்றால் பொய்யாகும்.

அக்கேசியாத் தேன் இன்னொன்று. ஐரோப்பாவிலிருந்து அப்பெயரில் வரும் வெளிறிய தேன் ரோபினியா என்னும் மரத்துப் பூவினுடையது. மலேசியாவில் அப்பெயரில் விற்பது காகிதக் கூழுக்காக நடும் அக்கேசியா மாங்கியம் மரத்தினுடையது. அதிலும் ஒரு விந்தை: அம்மரத்தில் தேனீக்கு மது கிடைப்பது முக்கியமாகப் பூவில் அல்ல, இலையின் அடியிலுள்ள சுரப்பியில். பெயர் ஒன்று, சரக்கு இரண்டு. வாசமும் நிறமும் வேறு.

ரப்பர் மரமும் அப்படியே. இலையுதிர்ந்து புதுத் துளிர் விடும்போது, மூன்று இலைகள் சேரும் காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். கேரளத்திலும் கன்னியாகுமரி ஜில்லாவிலும் கிடைக்கும் தேனில் பெரும் பங்கு இந்த ரப்பர்த் துளிரிலிருந்து வருவதே. ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றிக் கடை வைத்துப் பிழைத்த நம் முன்னோரில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்!

எப்படிச் சோதிப்பது?

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது ஆகிய எதுவும் நம்பத்தக்க சோதனை அல்ல. கெட்டியான சீனிப்பாகும் தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கும். தேன் உறைந்து கட்டியானால் கலப்படம் என்பதும் தவறு. குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மிகுந்த தேன் சீக்கிரம் உறையும். சூரியகாந்திப் பூத் தேன் அத்தகையது. ரோபினியாத் தேன் நெடுநாள் உறையாது. இரண்டும் அசல் தேன்தான்.

பூவின் பெயரை நிச்சயிக்கப் பரிசோதனைக் கூடம் வேண்டும். தேனிலுள்ள மகரந்தத்தை நுண்ணோக்கியின் கீழ் எண்ணுவது பழைய முறை. பொதுவாக ஒரு பூவின் மகரந்தம் நூற்றுக்கு 45-க்கு மேலிருந்தால் அது மிகுந்த பூ என்பார்கள். ஆனால் எல்லாப் பூவுக்கும் ஒரே கணக்குச் செல்லாது. ஆரஞ்சு முதலியவற்றின் தேனில் மகரந்தம் குறைவாகவே இருக்கும். செஸ்ட்நட் மரத்தேனில் அளவுக்கு மீறி இருக்கும். ஆதலால் நிறம், வாசனை, ருசி, இரசாயனக் குணம் யாவும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள். கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரமும் அவ்வாறே சொல்கிறது: முழுவதும் அல்லது பெரும்பகுதி அந்தப் பூவிலிருந்து வந்து, அதற்குரிய குணங்களும் இருந்தால்தான் பூவின் பெயரைப் போடலாம்.

நியூஸிலாந்தின் மானுக்காத் தேன் இதற்கு நல்ல உதாரணம். மானுக்கா, கானுக்கா என்னும் இரு செடிகளின் மகரந்தமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், எண்ணிப் பார்த்து மட்டும் பிரிக்க முடியவில்லை. பெயரின் மதிப்புக் கூடக்கூட அப்பெயரில் விற்ற சரக்கின் மேல் சந்தேகமும் கூடிற்று. கடைசியில் அந்நாட்டு அரசாங்கம் ஏற்றுமதிக்கு ஒரு விதி வகுத்து, 2018 பிப்ரவரியில் அமுலுக்குக் கொண்டு வந்தது. நான்கு இரசாயனப் பொருள்களையும் ஒரு மரபணு அடையாளத்தையும் சோதிக்க வேண்டும். அவற்றில் ஒரு பொருள் கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தால்தான் ஒரு பூ மானுக்கா. 20-க்கு மேல் 400-க்குள் இருந்தால் பல பூ மானுக்கா. ஒரு நாடே தன் சரக்கின் பெயரைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடும்போது, நாம் ஒரு லேபிளை மட்டும் பார்த்துச் சத்தியம் செய்வது எவ்வளவு துணிச்சல்!

மார்க்கம் சொல்வது

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, மேலே தெரியும்படி வைக்காததேன் என்று வியாபாரியைக் கண்டித்த ஹதீஸ் நாம் அனைவரும் கேட்டதுதான். ஐபை மறைத்து விற்பது ஹராம். ஐபு தெரிந்தால் சரக்கைத் திருப்பித் தரும் உரிமை வாங்கினவருக்கு உண்டு என்பது பிக்ஹுச் சட்டம். “நாம் மறைக்கவில்லையே, நமக்கே தெரியாதே” என்று மனம் வாதாடும். நம் மனமும் வாதாடிற்று. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னோமே, அந்த வார்த்தைக்கு யார் பொறுப்பு? மேலும், தெரிந்து கொண்ட மறுநாளும் அந்தச் சரக்கை அலமாரியில் வைத்திருந்தால் அந்தச் சாக்கும் செல்லாது.

எனவே மிச்சமிருந்த பதினைந்து புட்டிகளையும் அலமாரியிலிருந்து இறக்கினோம். மொத்த வியாபாரி திரும்ப எடுக்க மறுத்துவிட்டார், நஷ்டம் நம்முடையதாயிற்று. வாங்கினவர்களில் அடையாளம் தெரிந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தோம். சிலர் வாங்கிக்கொண்டார்கள்; சிலர் வேண்டாமென்றார்கள். அந்த அம்மையார் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, “இதை நீங்க வாங்கறப்பவே கேட்டிருக்கணும் தம்பி. வீட்டுல அவரு இதை மருந்துன்னு நம்பி குடிச்சாரு” என்றார். அதற்கும் நம்மிடம் பதில் இல்லை. “பெரியம்மா, மாப்புச் செய்யுங்கள்” என்று மட்டும் சொன்னோம்.

கடைக்கான ஒழுங்கு

அன்று முதல் நம் கடையில் வைத்திருக்கும் ஒழுங்கைச் சகோதரர்களின் பார்வைக்கு வைக்கிறோம்.

1. பூவின் பெயர் போட்ட தேனை வாங்கும்போது எந்த நாடு, எந்த மாவட்டம், எந்தப் பூ, எந்த மாதம் எடுத்தது என்று கேட்க வேண்டும். பதில் இல்லாத சரக்கை அப்பெயருக்குரிய விலைக்கு வாங்கக் கூடாது.

2. சோதனைக் காகிதம் இருந்தால், அதிலுள்ள சரக்கு எண்ணும் புட்டியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒரு சரக்கின் காகிதத்தை வேறு சரக்கிற்குக் காட்டுவது உண்டு.

3. பல பூத் தேனைப் பல பூத் தேன் என்றே சொல்லி விற்க வேண்டும். அது தாழ்ந்ததல்ல.

4. தேனை வெயில் படும் அலமாரியில் வைக்கக் கூடாது. சூட்டில் எச்.எம்.எஃப். என்னும் பொருள் பெருகித் தரம் கெடும். கோடெக்ஸ் அதற்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்றும், உஷ்ண நாட்டுத் தேனுக்கு 80 என்றும் எல்லை வைத்திருக்கிறது.

5. இன்ன நோய் தீரும் என்று நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது; அது வைத்தியர் வேலை. நீரிழிவுக்காரருக்குத் தேனும் சர்க்கரைதான் என்று சொல்ல வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பொட்டுலிசம் என்னும் கொடிய நோய் வரக்கூடும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவ என்று கேட்டு வருபவர்களிடம் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

6. தவறு தெரிந்தால், கேட்டு வரும்வரை காத்திராமல் நாமே போய்ச் சொல்ல வேண்டும்.

சகோதரர்களே, இந்தப் பாடம் தேனுக்கு மட்டும் உரியதல்ல. குங்குமப்பூ, அத்தர், பாஸ்மதி அரிசி, ஊர்ப் பெயர் சொல்லி விற்கும் பேரீச்சை எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்குவோரும் விற்போரும் உண்மை பேசினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி காட்டும் வழி. தேனீ எந்தப் பூவில் அமர்ந்தது என்பதை அல்லாஹ் அறிவான். நாம் அறிந்ததை மட்டும் சொல்லி, அறியாததைக் கேட்டுத் தெரிந்து விற்க, வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.