அளந்து பார்த்தவனுக்கு அச்சமில்லை



"நாம என்ன, வெறும் டிப்ளமோதானே!" – நம் வொர்க்ஷாப்பிலும் கேன்டீனிலும் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. பி.இ. படித்தவர் ஒன்று சொன்னால் வாயை மூடிக்கொள்கிறோம். பெரிய கம்பெனிக்காரர் சொன்னால் கைகட்டி நிற்கிறோம். அவர் சொல்வது சரிதானா என்று, கையிலிருக்கும் வெர்னியரை வைத்துப் பார்க்கத் தோன்றுவதே இல்லை. ஒருவரை மதிப்பது வேறு; பூஜை போடுவது வேறு. இந்த வித்தியாசத்தை விமானம் பிறந்த கதை நன்றாகவே சொல்லித் தருகிறது.

அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்கள். இருவருக்கும் கல்லூரிப் பட்டம் கிடையாது. ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால் தந்த அட்டவணையையும், ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்மீட்டன் பெயரால் நூறாண்டுக்கு மேல் வழங்கிவந்த 0.005 என்ற குணகத்தையும் நம்பித்தான் கிளைடர் செய்தார்கள். 1901-ல் கிட்டி ஹாக் அருகே பறக்கவிட்டுப் பார்த்தால், கணக்கில் வந்த தூக்குவிசையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது!

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "பெரியவங்க கணக்கு தப்பாகுமா? நமக்குத்தான் வேலை தெரியல" என்று மூட்டை கட்டியிருப்போம். அவர்களும் மனம் சோர்ந்தார்கள்தான். ஆனால் அதே ஆண்டில், ஆறடி நீள மரப்பெட்டியில் ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்தார்கள். ஹாக்சா பிளேடையும் சைக்கிள் ஸ்போக் கம்பியையும் கொண்டு அளக்கும் கருவி செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். குணகம் 0.0033 அளவில்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. லிலியந்தாலின் அட்டவணை பெருமளவு சரியே என்பதும் தெரிந்தது. பார்த்தீர்களா? அளந்ததால் ஒருவர் பெயரில் இருந்த தவறும் வெளிப்பட்டது. இன்னொருவரின் பெருமையும் நிலைத்தது.

அடுத்து இன்ஜின் வேண்டும். கேட்டுப் பார்த்த கம்பெனிகள் எதுவும் தங்களுக்கு ஏற்றதைத் தரவில்லை. கடை மெக்கானிக் சார்லி டெய்லர், லேத், டிரில்லிங் மெஷின் இவற்றைக் கொண்டே ஆறு வாரத்தில் சுமார் 12 குதிரைத்திறன் இன்ஜினைச் செய்து முடித்தார். எஃகுப் பாளத்தில் வரிசையாகத் துளையிட்டு, வேண்டாததைத் தட்டியெடுத்து, லேத்தில் கடைந்து கிராங்க் ஷாஃப்ட் உருவாக்கினார். நாம் அலுத்துக்கொண்டு செய்யும் அதே டிரில்லிங், அதே டர்னிங்!

1903 டிசம்பர் 8-ல், அரசாங்கத்தின் 50,000 டாலர் பெற்ற விஞ்ஞானி லாங்லியின் விமானம் ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 17-ல் சைக்கிள் கடைக்காரர்களின் விமானம் 12 விநாடி, 120 அடி பறந்தது. டெய்லரின் பெயரில் இன்று அமெரிக்க அரசின் விமானத்துறை, 50 ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக்குகளுக்கு விருது தருகிறது.

படித்தவர்களை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. "எனக்கு எல்லாம் தெரியும்" என்று தன்னையே பூஜிப்பதும் அதே வியாதிதான். ரைட் சகோதரர்கள் தங்கள் வாயை நம்பவில்லை, அளவை நம்பினார்கள்.

நாளைக்கு நாம் ஷாப் ஃப்ளோரில் நிற்கப்போகிறோம். டிராயிங்கில் ஓர் அளவு இடிக்கிறது. போட்டவர் பெரிய ஆள் என்று பேசாமல் இருந்தால், ஜாப் ரிஜெக்ட் ஆவதோடு போகலாம். ஒரு தொழிலாளியின் விரல் போகவும் நேரலாம். ஆகவே இன்றே பழகுவோம்:

1. ரெக்கார்டு நோட்டில், மற்றவர் ரீடிங்கை அல்ல, நம் ரீடிங்கையே எழுதுவோம்.

2. தானாகச் செய்யத் தெரிந்த பத்து வேலைகளைத் தாளில் எழுதி வைப்போம். தெரியாததையும் பக்கத்திலேயே எழுதுவோம்.

3. சந்தேகம் வந்தால், "சார், இன்னொரு தடவை அளந்து பார்க்கலாமா?" என்று பணிவாக, ஆனால் தைரியமாகக் கேட்போம்.

பணிவு நம் குணமாக இருக்கட்டும். பயம் வேண்டாம், தோழர்களே!