பக்கவாதத்திற்கு எக்சோசோம் ஊசி: அறிய வேண்டிய உண்மைகள்

பக்கவாதத்தால் கை, கால் செயலிழந்தவரின் குடும்பத்தினர் சிலர் கைப்பேசி விளம்பரத்தைக் காட்டி, “இந்த எக்சோசோம் ஊசி போட்டால் அப்பா எழுந்து நடப்பாரா, டாக்டர்?” என்று கேட்கின்றனர். நகையை அடகு வைப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்வி இது.

எக்சோசோம் என்பது என்ன?

நம் உயிரணுக்கள் நுண்ணிய பைகளை வெளியிடுகின்றன. இவற்றின் அளவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். அதாவது, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புரதங்களையும் மரபணுச் செய்திகளையும் சுமந்து செல்லும் இவை, ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு அனுப்பும் கடிதங்களைப் போன்றவை.

இரத்த நாளத்தில் செலுத்தப்படும் குருத்தணுக்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே, அவை வெளியிடும் நுண்பைகளை மட்டும் செலுத்தினால் என்ன என்று ஆய்வாளர்கள் சிந்தித்தனர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், இம்முறையால் பக்கவாதமுற்ற எலிகளின் இயக்கம் மேம்பட்டதை 2013இல் வெளியிட்டனர்.

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா?

நம் நாட்டின் அனுபவம் நிதானம் கற்பிக்கிறது. புதுதில்லி எய்ம்ஸ் தலைமையில் ஐந்து மையங்களில் 120 நோயாளிகளிடம், அவரவர் எலும்பு மஜ்ஜை உயிரணுக்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. 2014இல் வெளியான முடிவு: சிகிச்சை பாதுகாப்பானது, ஆனால், ஆறு மாதங்களுக்குப் பின் அதைப் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் வேறுபாடு இல்லை. விலங்காய்வுகள் முன்னரே நம்பிக்கை அளித்திருந்தும் முடிவு இதுவே. நுண்பைகளோ இன்னும் தொடக்கநிலை ஆய்விலேயே உள்ளன. அங்கீகாரம் பெற்ற எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்தது.

நினைவில் கொள்க: முறையான ஆய்வில், ஆய்வுச் சிகிச்சைக்காக நோயாளியிடம் கட்டணம் பெறுவதில்லை. பணம் கேட்டால் கையெழுத்திடாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் வந்து கேளுங்கள்.

இன்று உறுதியாகப் பயன் தருபவை

பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் அவசியம். சுரண்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பயணத்திலேயே நேரம் கரைகிறது. முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

அந்நேரம் கடந்தவர்களும் மனம் தளர வேண்டாம். இயன்முறைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, தவறாத மாத்திரை ஆகியவையே இன்று உங்கள் அப்பாவை நடக்க வைக்க உதவுபவை.