எட்டு கிராம் மலை விருந்தாளி

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இன்னும் பயிர் வைக்கிற நண்பர்கள், ஐப்பசி, கார்த்திகை மாதக் காலையில் வரப்போர வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடம் நின்று காது கொடுங்கள். இலைக்குள்ளிருந்து ‘சிஸ்வீ, சிஸ்வீ’ என்று கூர்மையான குரல் வரும். ஆளைப் பார்ப்பதுதான் கஷ்டம். ஓரிடத்தில் நிற்காது.

இதுதான் பச்சைக் கதிர்க்குருவி. முதுகு மங்கிய பச்சை, வயிறு வெளுப்பு, கண்ணுக்கு மேலே வெளிர்கோடு. எடை சுமார் 8 கிராம், ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவுதான். தையல்சிட்டு என்று நினைத்துவிடாதீர்கள். தையல்சிட்டுக்கு உச்சந்தலை செம்பழுப்பு, வாலைத் தூக்கி வைத்திருக்கும்.

இதன் பிறந்த வீடு இமயமலை. கோடையில் அங்கே பாறை இடுக்கிலும் மண்சரிவிலும் பாசியால் கூடு கட்டும். பெட்டை மட்டும் அடைகாக்கும். குளிர் வருமுன் தெற்கே கிளம்பி, சுமார் 2,000 கிலோமீட்டர் தாண்டி நம்மூர் வரும். இங்கே கூட்டமாக வாழாது. ஒவ்வொன்றும் சில மரங்களைத் தன் இடமாகப் பிடித்துக்கொள்ளும். நாம் கேட்கிற குரல், ‘இது என் இடம்’ என்ற எச்சரிக்கை. அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்புவது உண்டு.

நாள் முழுக்க இலை இலையாகத் தேடி சிறு புழு, அசுவினி, ஈ ஆகியவற்றைத் தின்னும். சிலந்தியையும் விடாது. அதனால் இது வந்தால் பூச்சித் தொல்லையே இருக்காது என்று சொல்லவில்லை. சம்பளம் கேட்காத பல கூலியாட்களில் இதுவும் ஒன்று.

களக்காடு முண்டந்துறையில் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். இலைகளில் பூச்சி எவ்வளவு இருக்கிறது என்பதோடு இதன் குளிர்கால வாழ்வு பின்னியிருக்கிறது. ஊர் திரும்புமுன் இறகு புதுப்பிக்க வேண்டும், பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க வேண்டும். அது மாசி, பங்குனி. நம் பக்கம் காய்ந்து கிடக்கும் காலம்.

அப்போது நாம் செய்யக்கூடியது மூன்று:

1. மனைப்பிரிவுகளுக்கு நடுவே மிஞ்சிய வேம்பு, புங்கன், உயிர்வேலியை வெட்டாமல் காப்பது.

2. மாசி, பங்குனியில் வேலியை மொட்டையாகக் கழிக்காமல் இருப்பது.

3. மூலிகைக் கரைசலையும் வழக்கத்துக்காக அடிக்காமல், சேதத்தைப் பார்த்து அடிப்பது. வேம்பும் பூச்சியைக் கொல்லும் அல்லவா?

இந்த ஆண்டு முதல் குரல் கேட்ட நாளையும் கடைசியாகக் கேட்ட நாளையும் பண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே மரத்தடியில் போய் நில்லுங்கள். குரல் கேட்டால், உங்கள் நிலத்தில் இலையும் உண்டு, அதில் உயிரும் உண்டு.