சுவருக்குச் சாயம் பூசப் போகிறீர்களா?

பினாங்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடு கொடுப்பது பழைய ஊழியம். 1852இல் வந்திறங்கிய கன்னியாஸ்திரிகள் லைட் ஸ்ட்ரீட்டில் பள்ளியோடு அநாதை இல்லமும் நடத்தினார்கள். 1926இல் மலாக்காவில் ஆங்கிலிக்கன் மிஷன் தொடங்கிய பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர் பினாங்குக்கு வந்தது. இத்தகைய இல்லங்களைப் பழுதுபார்க்க வெளிநாட்டுச் சபைக் குழுக்கள் வருவதுண்டு. வருவோர் கவனிக்க:

இல்லத்துக்கு எது தேவை என்று முதலில் கேளுங்கள். ஆறு மாதம் முன்பு இன்னொரு குழு பூசிய சுவருக்கு மறுபடி சாயம் எதற்கு? ஒழுகும் கூரையையும் பழைய மின்கம்பிகளையும் யாரும் படம் பிடிப்பதில்லை, செலவு அங்கேதான். அதை உரிமம் பெற்ற உள்ளூர்க்காரரிடம் விடுங்கள்.

சுற்றுலா அனுமதியில் வந்து சம்பளமில்லாமல் உழைத்தாலும் சிக்கல் வரலாம். குடிநுழைவுத் துறையிடம் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

ஜார்ஜ்டவுனின் பழைய பகுதி 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலம். அங்கே மாநகர் மன்ற அனுமதியில்லாமல் சுவரை இடிக்கக் கூடாது. பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே சரி. சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் உதிரும்.

செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். கூரை வேலைக்கு ஜனவரி, பிப்ரவரி வசதி.

பார்வையற்ற பிள்ளைகள் நடக்கும் வழியில் ஏணி, வாளி வைக்காதீர்கள். மேசை நாற்காலியை நகர்த்தினால் அன்றே பழைய இடத்தில் வையுங்கள். பிள்ளைகளின் முகத்தை முகநூலில் போடவே வேண்டாம்.